பாட்டு ஏன் நின்றது?

மும்பையில் சயான் என்று ஓர் இடம் இருக்கிறது. மராத்தியில் அதை ஷீவ் என்பார்கள். ஷீவ் என்றால் எல்லை. பழைய பம்பாய் நகரத்தின் எல்லை அங்கே இருந்தது. அதனால் வந்த பெயர் அது. சயானுக்கு ஒரு பக்கம் தாராவி. ஒரு பக்கம் மாட்டுங்கா. இன்னும் கொஞ்ச தூரம் போனால் செம்பூர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு.

கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்சிகள் சயானில் இரவும் பகலும் ஓடும். ஒரு காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை பத்மினி கார்கள். பக்கத்தில் இருக்கும் குர்லாவில்தான் அந்தக் கார்கள் தயாராயின. கடைசி பத்மினி டாக்சி 2003-ஆம் ஆண்டு பதிவானது. மும்பையில் ஒரு டாக்சி 20 ஆண்டுதான் ஓடலாம். அதனால் 2023 அக்டோபர் மாதத்தோடு பத்மினி டாக்சிகள் முடிந்துபோயின. கார் மாறிவிட்டது. காருக்குள் பாட்டுக் கேட்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

அப்படி ஒரு டாக்சி. அதை ஓட்டுபவர் ஒரு தமிழர். ஜூலை மாதம். இரண்டு நாள் விடாத மழை. காந்தி மார்க்கெட் பக்கமும் கிங்ஸ் சர்க்கிள் பக்கமும் முழங்கால் அளவு தண்ணீர். அவர் சுற்றுவழியில் வண்டியை ஓட்டினார். மூன்றாம் நாள் மழை விட்டது. ஆனால் வண்டியில் பாட்டு நின்றுவிட்டது. செட்டில் விளக்கு எரிகிறது. எண்கள் ஓடுகின்றன. சத்தம் மட்டும் இல்லை.

வழியில் ஒரு கடையில் காட்டினார். கடைக்காரர் செட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “செட் போச்சு. புதுசுதான் மாட்டணும்” என்று சொல்லிவிட்டார். புது செட் என்றால் சில ஆயிரம் ரூபாய். கையில் பணம் இல்லை. கடன்தான் வாங்க வேண்டும்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. கார் ஒயரிங் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனார். அவர் வயதில் மூத்தவர்.

“அண்ணாச்சி, பாட்டு வரமாட்டேங்குது. செட்டு போச்சுன்னு சொல்லுதாங்க.”

“யார் சொன்னா? திறந்து பார்த்துட்டா சொன்னாங்க?”

“இல்லை அண்ணாச்சி.”

“அப்போ நாம பார்த்துட்டுச் சொல்லுவோம் தம்பி.”

பாட்டு வரும் பாதை

குழாயில் தண்ணீர் வரவில்லை. உடனே தரையைத் தோண்டுவோமா? மாட்டோம். முதலில் குழாயைச் சரியாகத் திறந்தோமா என்று பார்ப்போம். பிறகு பக்கத்து வீட்டில் கேட்போம். அங்கே தண்ணீர் வந்தால் கோளாறு நம் வீட்டுக் குழாயில். அங்கேயும் வராவிட்டால் கோளாறு தெருவில்.

பாட்டும் அப்படித்தான். அதற்கும் ஒரு பாதை இருக்கிறது.

காரின் பேட்டரியிலிருந்து கரண்ட் கிளம்புகிறது. அது பியூஸ் வழியாகச் செட்டுக்கு வருகிறது. ரேடியோ, பென் டிரைவ், செல்போன் ஆகியவற்றிலிருந்து பாட்டின் சிறு அலை செட்டுக்குள் வருகிறது. செட் அந்தச் சிறு அலையைப் பெரிதாக்குகிறது. பெரிதான அலை ஒயர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது.

ஸ்பீக்கருக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளோடு ஒரு கூம்பு ஒட்டியிருக்கிறது. பல ஸ்பீக்கர்களில் அது காகிதக் கூம்பு. சுருளில் கரண்ட் போகும்போது காந்தம் அதை இழுக்கிறது, தள்ளுகிறது. சுருள் ஆடுகிறது. கூம்பும் ஆடுகிறது. கூம்பு காற்றை ஆட்டுகிறது. அந்த ஆட்டம்தான் காதில் பாட்டாக விழுகிறது.

இந்தப் பாதை புதியது அல்ல. 1930-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் கார் ரேடியோ ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு மோட்டரோலா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து ரேடியோக்களில் கண்ணாடிக் குழல்கள் இருந்தன. அவற்றைத் தனியே சூடாக்க வேண்டும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது. பிறகு கார்களில் கேசட் டேப் வந்தது. அதற்குப் பின் சி.டி. வந்தது. இன்று செல்போனிலிருந்து ஒயர் இல்லாமலே பாட்டு வருகிறது. பெட்டி மாறியது. பாதை மாறவில்லை. பேட்டரி, பியூஸ், செட், ஒயர், ஸ்பீக்கர். இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் பாட்டு நிற்கும்.

எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு ஒரு விதி உண்டு. எளியதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரியானது என்று தெரியாமல் போகும்.

முதலில் பொத்தான்கள்

பெரியவர் கருவி எதையும் எடுக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். முதலில் செட்டின் பொத்தான்களைப் பார்த்தார்.

ஒன்று, சத்தத்தை நிறுத்தும் பொத்தான். இதை மியூட் என்பார்கள். கை தவறிப் பட்டால் போதும், சத்தம் நின்றுவிடும்.

இரண்டு, பாட்டு எங்கிருந்து வருகிறது என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான். செல்போனில் பாட்டு ஓடும். செட் ரேடியோவில் நிற்கும். அப்போது செல்போன் பாட்டு கேட்காது.

மூன்று, செல்போனின் சத்தம். செட்டில் சத்தம் கூட்டியிருக்கும். செல்போனில் குறைந்திருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

நான்கு, சத்தத்தைப் பங்கிடும் பொத்தான். வலது, இடது, முன், பின் என்று எந்தப் பக்கமும் சத்தத்தை இது தள்ளும். சில டாக்சிகளில் பின்னால் மட்டும் ஸ்பீக்கர் இருக்கும். சத்தத்தை முழுவதும் முன்னால் தள்ளிவிட்டால் ஒன்றும் கேட்காது. எல்லாம் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரியவர் நான்கையும் பார்த்தார். ரேடியோவைப் போட்டார். பென் டிரைவைப் போட்டார். எதிலும் சத்தம் இல்லை.

“ஒண்ணுல மட்டும் சத்தம் இல்லைன்னா அந்த ஒண்ணுதான் கோளாறு. எதுலயுமே இல்லைன்னா கோளாறு அதுக்கு அப்புறம் உள்ள பாதையில” என்றார்.

ரேடியோவில் மட்டும் ‘கொர்’ என்ற இரைச்சல் வந்தால் ஏரியலைப் பார்க்க வேண்டும். ஏரியல் ஒயர் செட்டின் பின்னால் கழன்றிருக்கும். அல்லது கூரையில் உள்ள கம்பி உடைந்திருக்கும். அதற்காக யாரும் செட்டை மாற்ற வேண்டியதில்லை.

விளக்கு எரிகிறதா?

அடுத்த கேள்வி இதுதான். செட்டில் விளக்கு எரிகிறதா? இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும்.

விளக்கு எரியவில்லை என்றால் செட்டுக்குக் கரண்ட் வரவில்லை. பேட்டரி, பியூஸ், கரண்ட் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் செட்டுக்குக் கரண்ட் வருகிறது. ஸ்பீக்கர் ஒயர், ஸ்பீக்கர், செட்டின் உள்பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

தனியாக ஆம்ப்ளிஃபயர் பெட்டி வைத்த வண்டிகளும் உண்டு. அதை இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ வைப்பார்கள். அதற்குத் தனிப் பியூஸ் உண்டு. செட் எரிந்தாலும் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம். அதில் உள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த டாக்சியில் ஆம்ப்ளிஃபயர் இல்லை. விளக்கு எரிகிறது. ஆகவே கோளாறு ஸ்பீக்கர் பக்கம் இருக்க வேண்டும். ஆனாலும் பெரியவர் பியூஸ் பெட்டியைத் திறந்தார்.

“எதுக்கு அண்ணாச்சி? விளக்குதான் எரியுதே?”

“என்கிட்ட வர்ற எந்த வண்டியிலயும் இதைப் பார்க்காம விடுறதில்லை தம்பி.”

பியூஸ் என்னும் காவலாளி

பியூஸ் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு. அதற்குள் மெல்லிய கம்பி இருக்கிறது. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அந்தக் கம்பி உருகி அறுந்துவிடும். கரண்ட் நின்றுவிடும். பியூஸ் தான் செத்து, வண்டியைக் காப்பாற்றும்.

பியூஸின் தலையில் ஓர் எண் இருக்கும். அந்த எண் எத்தனை ஆம்பியர் என்பதைக் காட்டும். எண்ணைப் படித்தாலே பியூஸ் எது என்று தெரிந்துவிடும். நிறமும் அதையே சொல்லும்.

5 என்றால் இளம்பழுப்பு.
7.5 என்றால் பழுப்பு.
10 என்றால் சிவப்பு.
15 என்றால் நீலம்.
20 என்றால் மஞ்சள்.
25 என்றால் நிறமில்லாத வெள்ளை.
30 என்றால் பச்சை.

எந்த இடத்தில் எந்த எண் என்று பியூஸ் பெட்டியின் மூடியில் அச்சடித்திருக்கும். அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 10 இருந்த இடத்தில் 10-தான் போட வேண்டும். 20 போடக் கூடாது. 30 போடவே கூடாது.

பெரியவர் செட்டின் பியூஸைப் பிடுங்கினார். கையில் வைத்துக் காட்டினார். ஓட்டுநர் முகம் மாறியது. பியூஸைச் சுற்றி வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாள்.

“இது யார் வேலை?”

“போன வருஷம் செட்டு எரியலை. ஒரு பையன் சரி பண்ணிக் கொடுத்தான். பியூஸ் வாங்கவேண்டாம், பத்து ரூபாய் மிச்சம்னு சொன்னான்.”

“பத்து ரூபாய் மிச்சம். வண்டி மிச்சமா தம்பி? டிக்கியில கேஸ் சிலிண்டர் இருக்கே.”

ஓட்டுநர் பேசவில்லை. அந்த வண்டியில் அவர் பிள்ளைகளும் போகிறார்கள். சயானிலிருந்து நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு போகிறார்.

வெள்ளித்தாள் என்ன செய்யும்?

போன வருடம் பியூஸ் சும்மா போகவில்லை. எங்கேயோ கரண்ட் அதிகமாக ஓடியது. அதனால் போனது. காரணத்தைத் தேடவில்லை. காவலாளியை விரட்டிவிட்டு வெள்ளித்தாளை நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளித்தாள் லேசில் உருகாது. ஒயர் எங்கேயாவது காரின் உடம்பைத் தொட்டால் கரண்ட் பாய்ந்து ஓடும். பியூஸ் இருந்தால் உடனே அறுந்துவிடும். வெள்ளித்தாள் இருந்தால் அறுவதற்கு முன்பே ஒயர் சூடாகிவிடும். ஒயரின் மேல் உள்ள பிளாஸ்டிக் உருகும். பக்கத்து ஒயர்களும் உருகும். டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக்கும் துணியும் பஞ்சும் இருக்கின்றன. தீ பிடிக்க அது போதும்.

மும்பை டாக்சிகளில் பெரும்பாலானவை சி.என்.ஜி. கேஸில் ஓடுகின்றன. சிலிண்டர் டிக்கியில் இருக்கிறது. அதனால் அங்கே இரட்டைக் கவனம் வேண்டும். கேஸ் வாசனை வந்தால் செட்டைத் தொடக் கூடாது. எந்தச் சுவிட்சையும் போடக் கூடாது. எல்லோரும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிப் போக வேண்டும். பிறகு கேஸ் வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

செட் நின்றால் பாட்டுதான் போகும். பியூஸை ஏமாற்றினால் உயிரே போகலாம்.

செட்டைக் கழற்றும் முன்

பெரியவர் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தார். கேஸ் வாசனை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினார். முதலில் கழற்றுவது மைனஸ். கடைசியில் மாட்டுவதும் மைனஸ்.

அதற்குக் காரணம் இருக்கிறது. காரின் உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்திருக்கிறது. பிளஸ் முனையைக் கழற்றும்போது ஸ்பானர் காரின் உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி வரும். மைனஸை முதலில் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சில செட்டுகள் பேட்டரியைக் கழற்றினால் பூட்டிக்கொள்ளும். திரும்ப இயங்க ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புதிய கார்களில் காற்றுப்பைகள் இருக்கின்றன. விபத்தில் உயிர் காக்கும் பைகள் அவை. அவற்றின் ஒயர்களுக்குப் பெரும்பாலும் மஞ்சள் உறை போட்டிருக்கும். மஞ்சள் உறை போட்ட ஒயர்க் கட்டைத் தொடவே கூடாது. தவறினால் பை திடீரென்று வெடித்து விரியும்.

நிறம் பேசும்

பெரியவர் செட்டை வெளியே இழுத்தார். பின்னால் இரண்டு கப்ளர்கள். ஒன்றில் கரண்ட் ஒயர்கள். மற்றொன்றில் ஸ்பீக்கர் ஒயர்கள்.

கடையில் வாங்கி மாட்டும் செட்டுகளில் ஒயர் நிறங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். செட்டின் நினைவைக் காப்பது அது. சிவப்பு ஒயரில் சாவி போட்டால்தான் கரண்ட் வரும். கறுப்பு ஒயர் எர்த். அது காரின் உடம்பில் முடுக்கியிருக்கும்.

ஸ்பீக்கர் ஒயர்கள் ஜோடி ஜோடியாக வரும். முன் இடது ஸ்பீக்கருக்கு வெள்ளை. முன் வலதுக்குச் சாம்பல். பின் இடதுக்குப் பச்சை. பின் வலதுக்கு ஊதா. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு ஒயரில் கறுப்புக் கோடு இருக்கும். கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

காரோடு வந்த செட்டுகளில் நிறங்கள் வேறாக இருக்கும். அப்போது வண்டியின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். நிறத்தை நம்பி ஊகிக்கக் கூடாது.

பெரியவர் கறுப்பு ஒயரைப் பார்த்தார். உறுதியாக இருந்தது. எர்த் ஒயர் துருப்பிடித்த இடத்தில் முடுக்கியிருந்தால் செட் எரியும், அணையும். கொரகொர என்று சத்தம் வரும். துருவைச் சுரண்டி மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும்.

மஞ்சள் ஒயரில் ஒரு கிளை இருந்தது. செல்போன் சார்ஜருக்காக யாரோ ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் டேப் இளகிக் கழன்றிருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. போன வருடம் பியூஸ் போனதற்குக் காரணம் அதுதான். அந்தச் செம்பு உடம்பில் பட்டு, விலகிக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு வருடமாக அந்த வண்டி அப்படியே ஓடியிருக்கிறது.

செட் நல்லதா, கெட்டதா?

இனி முக்கியமான சோதனை. பெரியவர் ஸ்பீக்கர் கப்ளரைக் கழற்றி வைத்தார். நான்கு ஸ்பீக்கர்களும் செட்டை விட்டுப் பிரிந்தன. சார்ஜரின் கிளை ஒயரை வெட்டி எடுத்தார். முனையை டேப் சுற்றி மூடினார். வெள்ளித்தாள் இருந்த இடத்தில் புதிய 10 ஆம்பியர் பியூஸைப் போட்டார். கடையில் இருந்த நல்ல ஸ்பீக்கர் ஒன்றைச் செட்டில் நேராகச் சேர்த்தார். பிறகு பேட்டரியை மாட்டிச் சாவி போட்டார்.

பாட்டு வந்தது!

“செட் போகலை தம்பி. செட் நல்லா இருக்கு.”

ஓட்டுநர் பெருமூச்சு விட்டார். கடன் வாங்க வேண்டியதில்லை. அதே நேரம் அவருக்குக் குழப்பமாகவும் இருந்தது. நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா?

போகாது. நான்கும் ஒன்றாக நின்றால் நான்கும் கெட்டதாக அர்த்தம் இல்லை. ஏதோ ஒரு ஒயர் காரின் உடம்பைத் தொடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இன்றைய செட்டுகள் பலவற்றில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் ஒயர் உடம்பைத் தொட்டாலும் செட் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திக்கொள்ளும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது செய்யும் வேலை. மிகப் பழைய கார் ரேடியோக்களில் ஸ்பீக்கரின் ஒரு முனையைக் காரின் உடம்பில் சேர்ப்பதும் உண்டு. இன்றைய செட்டுகளில் அப்படிச் செய்யக் கூடாது.

பெரியவர் சோதனை ஸ்பீக்கரை எடுத்துவிட்டார். வண்டியின் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒவ்வொரு முறையும் செட்டை அணைத்துவிட்டுத்தான் ஒயரைச் சேர்த்தார்.

பின் இடது. பாட்டு வந்தது.
பின் வலது. பாட்டு வந்தது.
முன் இடது. பாட்டு வந்தது.
முன் வலது. மொத்தப் பாட்டும் நின்றது.

கோளாறு அகப்பட்டுவிட்டது. முன் வலது என்றால் ஓட்டுநரின் கதவு.

கதவுக்குள் மழை

ஓட்டுநரின் கதவு ஒரு நாளில் பல தடவை திறந்து மூடும் கதவு. கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஒயர்கள் அதற்குள் போகும். கதவு ஆடும்போது ஒயரும் மடங்கி நிமிரும். வருடக்கணக்கில் மடங்கினால் ஒயரின் தோல் விரியும்.

பெரியவர் ரப்பரை விலக்கினார். சாம்பல் ஒயரின் தோல் உரிந்திருந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது. ஈரத்தில் செம்பு அப்படித்தான் பச்சை பிடிக்கும். மழை ஈரத்தோடு அந்தச் செம்பு கதவின் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மழை, மூன்றாம் நாள் மௌனம். காரணம் இதுதான்.

கெட்டுப்போன துண்டை வெட்டினார். புது ஒயரை வைத்துச் சால்டரிங் செய்தார். இணைப்பின் மேல் உறை போட்டார். ரப்பர் குழாயைச் சரியாக மாட்டினார்.

பிறகு கதவின் உள்தட்டைக் கழற்றி ஸ்பீக்கரைப் பார்த்தார். ஸ்பீக்கர் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்ற வேண்டும். ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட வேண்டும். ‘டப்’ என்று சத்தம் வந்து கூம்பு அசைந்தால் சுருள் அறவில்லை. ஒன்றும் அசையாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. மீட்டர் இருந்தால் ஓம் அளவில் வைத்துப் பார்க்கலாம். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். மீட்டரில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அது சரிதான்.

‘டப்’ என்றது. கூம்பு அசைந்தது. ஸ்பீக்கர் நல்லது.

கதவின் அடியில் பெரியவர் ஒரு குச்சியை விட்டுக் குத்தினார். கறுப்புச் சேறு விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் ஒழுகியது. ஓட்டுநர் வியந்தார்.

எந்தக் காரிலும் ஜன்னல் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் மழைநீர் கதவுக்குள் இறங்கும். அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். துளை அடைத்தால் தண்ணீர் உள்ளே நிற்கும். கதவு துருப்பிடிக்கும். காகிதக் கூம்பு ஊறிக் கிழியும். மழைக்காலத்துக்கு முன் அந்தத் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஒரு குச்சியும் ஐந்து நிமிடமும் போதும்.

வண்டி தண்ணீரில் மூழ்கினால்

2005 ஜூலை 26-ஆம் தேதியை மும்பை மறக்காது. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஏராளமான வண்டிகள் தண்ணீரில் மூழ்கின.

இருக்கை வரை தண்ணீர் ஏறிய வண்டியில் உடனே சாவி போடக் கூடாது. செட்டையும் போட்டுப் பார்க்கக் கூடாது. ஈரத்தில் கரண்ட் பாய்ந்தால் நல்ல செட்டும் கெடும். தண்ணீர் வடிந்த பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். வேலை தெரிந்தவரைக் கொண்டு கப்ளர்களைப் பிரித்து, சுத்தமாகத் துடைத்து, முழுவதும் உலர்த்த வேண்டும். பிறகுதான் சாவி.

சத்தம் வந்த பிறகு

எல்லாவற்றையும் மாட்டியாகிவிட்டது. சார்ஜருக்குத் தனி ஒயரும் தனிப் பியூஸும் போட்டார் பெரியவர். ஓட்டுநர் சாவி போட்டார். நான்கு ஸ்பீக்கர்களும் பாடின. சந்தோஷத்தில் சத்தத்தை முழுவதும் கூட்டினார்.

“தம்பி, குறை குறை. அங்கே ஆசுபத்திரி.”

சயானில் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. சயான் ஆசுபத்திரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரவு பகலாக நோயாளிகள் வரும் இடம். 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி என்பதை அந்த விதிகள் சொல்கின்றன. அமைதிப் பகுதியில் ஹாரன்கூட அடிக்கக் கூடாது.

வண்டிக்குள் சத்தம் அதிகமானால் வேறொரு ஆபத்தும் உண்டு. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சத்தம் ஓட்டுநருக்குக் கேட்காது.

ஓட்டுநர் சத்தத்தைக் குறைத்தார். கூலியைக் கொடுத்தார். புது செட்டின் விலையில் அது மிகச் சிறு பங்கு. கிளம்பும் முன் வெள்ளித்தாள் சுற்றிய பழைய பியூஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“அது எதுக்குத் தம்பி?”

“ஸ்டாண்டுல காட்டணும் அண்ணாச்சி. இன்னும் எத்தனை வண்டியில இது இருக்கோ!”

நினைவில் வையுங்கள்

எதிலும் சத்தம் இல்லை, விளக்கும் இல்லை: பியூஸ், பேட்டரி, எர்த் பாருங்கள்.

விளக்கு உண்டு, சத்தம் இல்லை: பொத்தான்களைப் பாருங்கள். பிறகு ஸ்பீக்கர் ஒயர்கள்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் இல்லை: அந்தப் பக்கத்து ஒயரும் ஸ்பீக்கரும்.

பள்ளத்தில் இறங்கினால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது: எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன்.

ரேடியோவில் மட்டும் இரைச்சல்: ஏரியல்.

கேஸ் வாசனை: எதையும் தொடாதீர்கள். இறங்கித் தள்ளிப் போங்கள்.

புதிய பியூஸ் உடனே போனால்: இன்னொன்று போடாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள்.

கேள்விகள்

1. சயான் என்ற பெயர் எப்படி வந்தது?
2. பேட்டரியிலிருந்து காது வரை பாட்டு வரும் பாதையை வரிசையாகச் சொல்லுங்கள்.
3. சிவப்புப் பியூஸின் எண் என்ன? பச்சைப் பியூஸின் எண் என்ன?
4. 10 இருக்கும் இடத்தில் 30 போட்டால் என்ன ஆகும்?
5. பேட்டரியில் முதலில் எந்த முனையைக் கழற்ற வேண்டும்? ஏன்?
6. ஒரே ஒரு ஒயர் கெட்டதால் நான்கு ஸ்பீக்கர்களும் ஏன் நின்றன?
7. உங்கள் வீட்டு மின்சாரப் பெட்டியில் பியூஸ் போனால் என்ன செய்கிறீர்கள்? அது சரியா? கூடிப் பேசுங்கள்.